நாய்க்குச் சாப்பாடு தேர்ந்தெடுப்பது நீங்கள்தான்: கம்பம் – குமுளி தீனிக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், குமுளி, கம்பம் மெட்டு வழிகளில் மாட்டுத்தீவனம், கோழித்தீவனத்தோடு நாய்த்தீனியும் விற்கும் கடைக்கார அண்ணன்மார்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கடைக்கு வருகிறவர் கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: "அண்ணே, நாய்க்கு நல்ல தீனியா ஒரு கிலோ போடுங்க." மேலே குமுளிக்குப் போனால் 'அண்ணே' என்பது 'சேட்டா' ஆகும், மற்றதெல்லாம் அப்படியேதான். எது நல்லது என்று அவரும் சொல்வதில்லை, நீங்களும் கேட்பதில்லை. ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் கிளம்பப்போகிற அவசரத்தில் நிற்கிறார். நீங்கள் எந்த மூட்டைக்குள் கையை விடுகிறீர்களோ, அடுத்த பத்து நாளைக்கு அந்த நாய்க்கு அதுதான் சாப்பாடு. அதனால்தான் நாய் வளர்ப்பவர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. மனிதர் தின்னும் பண்டத்தைச் சோதிக்க உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருவார். நாய்த்தீனிக்கு வரமாட்டார். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 'உணவு' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே விலங்குத் தீவனத்தை விலக்கி வைத்துவிட்டது. கம்பெனிக்கும் நாயின் தட்டுக்கும் நடுவே அந்த மூட்டையைக் கடைசியாகப் பார்க்கிற ஆள் நீங்கள்.

வாய் திறந்து கிடக்கும் மூட்டையிலிருந்து தொடங்குவோம்.

எந்தக் கம்பெனி சரக்கானாலும் 'பெடிகிரி' என்றே நாம் சொல்லிப் பழகிவிட்ட அந்த உருண்டைத் தீனி எப்படித் தயாராகிறது? மக்காச்சோளம், அரிசி, இறைச்சித்தூள் எல்லாவற்றையும் மாவாக்கிப் பிசைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்து, அச்சு வழியாகத் தள்ளி, உலர்த்துகிறார்கள். அதன்பின் கடைசி வேலையாக, உருண்டையின் மேல் கொழுப்பையும் சுவையூட்டியையும் தெளிக்கிறார்கள். நாயை இழுக்கிற வாசனையே அந்த மேல்பூச்சில்தான் இருக்கிறது. காற்றும் வெயிலும் முதலில் தொடுவதும் அதைத்தான். மூட்டையைப் பிரித்துத் தகரக் கூரைக்கடியில் வைத்தால் கொழுப்பு காறத் தொடங்கும். கூடவே வைட்டமின் ஏ போன்ற சத்துகளும் குறையும். காறல் எப்படித் தெரியும் என்றால், ஒரு பிடி தீனியைக் கையில் கசக்கி மோந்து பாருங்கள். பழைய தேங்காய் எண்ணெய் வாடையோ பெயின்ட் வாடையோ வந்தால் அது முடிந்துபோன சரக்கு. நாய் இரண்டு நாள் தின்றுவிட்டு மூன்றாம் நாள் தட்டை விட்டு நகர்ந்துபோனால், "ஒரே தீனி, அலுத்துப்போச்சு போல" என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்கிறார். பல நேரம் காறல்தான் காரணம்.

மூட்டையில் அச்சிட்ட காலாவதித் தேதி, பிரிக்காத மூட்டைக்குத்தான் செல்லும். பிரித்த நாளிலிருந்து நான்கு முதல் ஆறு வாரம் என்று கணக்கு வையுங்கள். 20 கிலோ மூட்டை தினம் ஒரு கிலோ போனால் இருபது நாளில் தீர்ந்துவிடும், கவலையில்லை. வாரத்துக்கு மூன்று கிலோதான் போகிறது என்றால் ஏழு வாரம் ஆகும். அந்தக் கடை 20 கிலோ மூட்டையைப் பிரிக்கவே கூடாது. 3 கிலோ பாக்கெட்டாக இறக்கி, மூடியபடியே விற்பதுதான் சரி. லாபம் கொஞ்சம் குறையும், உண்மைதான்.

ஈரம் இதைவிடப் பொல்லாதது. ஆனி, ஆடியில் கம்பத்தில் காற்று அள்ளும், குமுளியில் சாரல் விடாது. அதே மாதங்களில்தான் ஜீப்பின் மேல்கட்டில் தார்ப்பாய் போர்த்தி மூட்டை மலையேறுகிறது. அடிவாரத்துச் சூட்டில் ஏற்றிய மூட்டை மேலே குளிரில் வேர்க்கும். ஏற்றி இறக்குபவர் கொக்கி மாட்டிய ஓட்டை ஒன்று இருந்தால் போதும், ஈரம் உள்ளே போய்விடும். மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் சேர்ந்த எந்தத் தீவனமும் ஈரம் பட்டால் பூசணம் பூக்கும். அந்தப் பூசணத்தில் சிலவகை உண்டாக்கும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். மாட்டுத்தீவனம் விற்கும் உங்களுக்குப் புதிய பெயர் இல்லை. ஆனால் மாடு ஓரளவு தாங்கும் அளவை நாய் தாங்காது. செல்லப்பிராணித் தீனியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். கண்ணுக்கு எதுவும் தெரியாத அளவு அது. வெந்நீரில் ஊறவைத்தாலோ திரும்ப வேகவைத்தாலோ போகாது. ஈரலைத்தான் தாக்கும்: முதலில் நாய் சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும், பிறகு ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும், சிலவற்றுக்கு மலத்தில் ரத்தம் போகும். 2020 கடைசியில் அமெரிக்காவில் இப்படி நஞ்சேறிய உலர்தீனி சந்தைக்கு வந்து, அடுத்த மாதத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் செத்ததாகப் புகார்கள் பதிவாயின. பரிசோதனைக்கூடம் வைத்திருக்கும் நாட்டிலேயே அந்த நிலைமை.

ஆகவே மூட்டைக்குள் முஷ்டி அளவுக்கு ஒரு கட்டி பிடித்திருந்தால், அந்தக் கட்டியை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை விற்காதீர்கள். அந்த மூட்டையே திரும்பிப் போகட்டும். வெறும் தரையில் அடுக்காமல் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். பிரித்த மூட்டையைப் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டுவது நம் ஊர் வழக்கம், அது தப்பு. டிரம்மின் உள்சுவரில் பழைய கொழுப்பு படிந்திருக்கும், புதுச் சரக்கும் அதில் பட்டுக் காறும். மூட்டையோடு அப்படியே டிரம்முக்குள் இறக்கி, வாயை உருட்டி மடித்துக் கிளிப் போட்டு, டிரம்மை மூடுங்கள். தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) தேதியும் மூட்டையோடே இருக்கும். பின்னால் ஏதாவது புகார் வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த எண்தான்.

இனி எந்தச் சரக்கை இறக்குவது என்ற கேள்வி. விற்பனைப் பிரதிநிதி முன்பக்கப் படத்தைக் காட்டுவார். நீங்கள் மூட்டையைத் திருப்புங்கள்.

முதலில் தேட வேண்டியது, இது முழுமையான, சமச்சீரான உணவா, எந்த வயது நாய்க்கு என்ற வரி. அந்த வரி இல்லாவிட்டால் அது தின்பண்டமாகவோ துணை உணவாகவோதான் இருக்கும். தினச் சாப்பாடாக விற்க முடியாது. அடுத்து புரதமும் கொழுப்பும். பல கம்பெனிகள் பின்பற்றும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கத்தின் (ஏஏஎஃப்சிஓ) அளவுகளின்படி, நீரை நீக்கிக் கணக்கிட்டால், வளர்ந்த நாய்க்குக் குறைந்தபட்சம் 18 சதவீதப் புரதம், 5.5 சதவீதக் கொழுப்பு. குட்டிக்கும் சினை நாய்க்கும் பால்கொடுக்கும் நாய்க்கும் 22.5 சதவீதம், 8.5 சதவீதம். 'நீரை நீக்கி' என்பதை விட்டுவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். ஈரத்தீனியான கிரேவி பவுச்சில் 8 சதவீதப் புரதம் என்று போட்டிருக்கும். உருண்டைத் தீனியில் 22. பவுச்சில் 80 சதவீதம் நீர், ஆகவே மீதி 20 பங்கில் 8 புரதம், அதாவது 40 சதவீதம். உருண்டையில் 10 சதவீதம் நீர். 22ஐ 90ஆல் வகுத்தால் சுமார் 24 சதவீதம். பவுச் உசத்தி என்று தோன்றும். ஆனால் 80 கிராம் பவுச்சில் 64 கிராம் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம் என்பதையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.

மூட்டையில் 'குரூட் புரோட்டீன்' என்று போட்டிருக்கும் புரதக் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கி வருவது அது. நைட்ரஜன் இறைச்சியிலிருந்து வந்ததா இறகிலிருந்து வந்ததா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. 2007இல் சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்து புரத எண்ணை ஏற்றி, அமெரிக்காவில் நாய் பூனைகளின் சிறுநீரகம் கெட்டது இந்த ஓட்டை வழியாகத்தான். அதனால் எண்ணோடு சேர்த்துப் பொருள்பட்டியலையும் பாருங்கள். எடை அதிகமானது முதலில் வரும் வரிசை அது. 'சிக்கன்' முதலில் இருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் பச்சைக்கறியில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக நீர். உலர்ந்தபின் அது நாலாம் இடத்துக்கு இறங்கிவிடலாம். 'சிக்கன் மீல்' என்பது நீர் வற்றிய தூள். முதல் மூன்றில் அது இருந்தால் உண்மையிலேயே கறி உண்டு. மக்காச்சோளம், சோள குளூட்டன், அரிசி, அரிசித்தவிடு என்று தானியத்தைத் துண்டு துண்டாக எழுதிக் கீழே தள்ளும் தந்திரமும் உண்டு. அவற்றைக் கூட்டிப் பாருங்கள். எந்த மிருகம் என்று சொல்லாத வெறும் 'மீட் மீல்' இருந்தால் யோசிக்கலாம். ஈரல், இதயம் போன்ற உள்ளுறுப்புகளைக் கண்டு முகம் சுளிக்கத் தேவையில்லை, நாம் காசு கொடுத்து வாங்கித் தின்பவைதானே.

தானியமே இல்லாத தீனி என்று கூடுதல் விலைக்கு வருவது பெரும்பாலான நாய்களுக்குத் தேவையில்லை. வெந்த அரிசி நாய்க்கு நன்றாகச் செரிக்கும். பட்டாணி, பருப்பு அதிகமுள்ள அத்தகைய தீனிகளுக்கும் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018 முதல் அமெரிக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். சிவப்பு, பச்சை உருண்டைகள் கலந்த தீனியும் வாங்குபவர் கண்ணுக்குத்தான். நாய்க்கு அந்த இரண்டு நிறமும் சரியாகப் பிரிந்தே தெரியாது. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று தரம் பார்ப்பதையும் விடுங்கள். உருண்டைக்குள் எவ்வளவு காற்று அடைந்திருக்கிறது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது.

எங்களுக்கு உங்கள்மேல் உள்ள பெரிய வருத்தம் வேறு. குட்டித்தீனி வாங்கினால் கூடவே ஒரு கால்சியம் டானிக் பாட்டிலையும் எடுத்து வைக்கிறீர்கள். "எலும்பு பலமாகும்" என்று சொல்கிறீர்கள், வாங்குபவரும் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். முழுமையான குட்டித்தீனியில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு, அதிகமாக வரும் கால்சியத்தைத் தடுத்து வெளியேற்றும் பக்குவம் வராது. வருவதில் பெரும்பங்கை உள்ளே எடுத்துவிடும். ராஜபாளையம், லாப்ரடார், கிரேட் டேன் போன்ற பெரிய உருவக் குட்டிகளில் இதனால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும், முன்னங்கால் வளையும், நொண்டும். நொண்டியதும் "கால்சியம் குறைவு" என்று இன்னொரு பாட்டில்! பெரிய இனக் குட்டியின் தீனியில், நீரை நீக்கிய கணக்கில், கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஏஏஎஃப்சிஓ எல்லை வைத்திருக்கிறது. டானிக்கை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் கொடுங்கள்.

கால்சியம் உண்மையிலேயே குறைவது வேறிடத்தில். குருணைச் சோறும் கோழிக்கறியும் மட்டுமே போட்டு வளர்க்கும் வீடுகளில். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகச் சொற்பம். அந்த வீட்டு நாய்க்கு முட்டை ஓட்டைக் கழுவி, வேகவைத்துக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துப் போடலாம். 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு அரை டீஸ்பூன், அவ்வளவே. கடைத்தீனி தின்னும் நாய்க்கு அதுவும் வேண்டாம்.

விலையைப் பேசுவோம், ஏனென்றால் கடைசியில் எல்லாம் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது. கிலோ விலையை வைத்து வாங்குபவரை ஒருநாள் செலவை வைத்துப் பார்க்கப் பழக்குங்கள். நல்ல வளர்ச்சியுள்ள ஒரு கோம்பை நாய், 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கருத்தடை செய்து வீட்டோடு கிடக்கும் நாயானால் அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 850 கிலோகலோரி (பேச்சில் நாம் கலோரி என்பது இதைத்தான்) தேவை. தோட்டத்தில் இரவெல்லாம் காவல் ஓடும் நாய்க்கு இன்னும் கூடும். 100 கிராமில் 320 கலோரி தரும் தீனி கிலோ 200 ரூபாய் என்றால், 266 கிராம் வேண்டும், 53 ரூபாய். 380 கலோரி தரும் தீனி கிலோ 260 ரூபாய் என்றால் 224 கிராம் போதும், 58 ரூபாய். கிலோவுக்கு அறுபது ரூபாய் வித்தியாசம், நாளுக்கு ஐந்து ரூபாய்தான். மலமும் பெரும்பாலும் குறையும். மூட்டையில் கலோரி போடவில்லையா? 100 கிராமுக்குள்ள புரதத்தை 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் மாவுச்சத்தை 3.5ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். மாவுச்சத்து எழுதியிருக்காது. புரதம், கொழுப்பு, நார், நீர் எல்லாவற்றோடும் சாம்பல் சத்துக்கு (தாது உப்புகளுக்கு) 8 சேர்த்து நூறிலிருந்து கழித்தால் மிச்சம் அதுதான். புரதம் 20, கொழுப்பு 10, நார் 5, நீர் 10 என்றால் மாவுச்சத்து 47, கலோரி 320 வரும்.

266 கிராம் என்று சொன்னால் வீட்டில் யாரும் நிறுக்கப் போவதில்லை. டம்ளர்தான் அளவு. ஒரே டம்ளரில் ஒரு தீனி 70 கிராம் பிடிக்கும், இன்னொன்று 90 பிடிக்கும். உங்கள் தராசில் ஒரு காபி டம்ளரை வைத்து, பூஜ்யமாக்கி, தலைதட்டி நிரப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தீனிக்கும் ஒருமுறை செய்தால் போதும். "இந்தத் தீனி நம்ம டம்ளர்ல காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு" என்று நீங்கள் சொல்லும்போது அது எல்லோருக்கும் புரியும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் கையில் தட்டுப்பட்டால் அளவு சரி. தட்டுப்படவே இல்லையென்றால் அரை டம்ளர் குறைக்கச் சொல்லுங்கள்.

தீனியை மாற்றிக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சேருங்கள்: முதல் இரண்டு நாள் புதுசு கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, அடுத்த இரண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுக்க. இதைச் சொல்லாததால்தான் பாதிப்பேர் "அந்தத் தீனி ஒத்துக்கல, கழியுது" என்று நல்ல சரக்கைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். பால்சோற்றைக் கலப்பவருக்கும் இதே கதைதான்; வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது.

நம் பள்ளத்தாக்குக்கென்றே ஒன்று. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்குப் பெருமை. நாய்க்கு அது விஷம். உதிர்ந்த பழத்தைத் தோட்டத்து நாய் தின்பதும், பிள்ளைகள் ஊட்டுவதும் இங்கே சாதாரணம். சில நாய்கள் தின்றாலும் ஒன்றும் ஆகாது, சிலவற்றுக்கு ஒரு கைப்பிடியிலேயே சிறுநீரகம் நின்றுவிடும். எது எந்த வகை என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. உலர்திராட்சை இன்னும் செறிவானது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். 2022இல் வெளியான ஆய்வு ஒன்று புளி தின்ற நாய்களிலும் அதே சிறுநீரகப் பாதிப்பைப் பதிவு செய்திருக்கிறது. மிச்சமான புளிச்சோற்றையும் புளிக்குழம்பையும் நாய்த்தட்டில் கொட்டும் நமக்கு இது வேண்டிய சேதி. வெங்காயம், பூண்டும் கூடாது, ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வெந்த எலும்பு ஈட்டியாகப் பிளக்கும். திராட்சை தின்றது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். முதல் இரண்டு மணி நேரம்தான் பெரிதும் உதவும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒரு வெள்ளை அட்டை. பிரித்த ஒவ்வொரு மூட்டையிலும் ஒன்று தொங்க வேண்டும், தமிழில். குமுளிப் பக்கம் மலையாளத்திலும். தீனியின் பெயர், எந்த வயதுக்கு, புரதம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, தொகுதி எண், காலாவதித் தேதி, பிரித்த தேதி, 15 கிலோ நாய்க்கு எத்தனை டம்ளர். வாங்குபவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போகட்டும். வாங்குபவர் கண்முன்னே நிறுத்துக் கொடுப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. தினக்கூலிக்காரர் 20 கிலோ மூட்டை வாங்க முடியாது. ஆனால் முன்கூட்டியே அரைக்கிலோ, ஒரு கிலோ பாலித்தீன் பைகளாகக் கட்டி, பெயரும் இல்லாமல் தேதியும் இல்லாமல் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கவிடுகிறீர்களே, அதை நிறுத்துங்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி அப்படிக் கட்டிய பையில் தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிட்டவர் முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை எல்லாம் இருந்தாக வேண்டும். வெயில் படும் வாசலில், ஒளி ஊடுருவும் பையில், அந்தத் தீனி சீக்கிரமே காறிவிடும் என்பது சட்டத்துக்கு அப்பாற்பட்ட விஷயம்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கிலும் மலைமேலும் நாய் வளர்ப்பும் தீவனத் தொழிலும் அறிந்த சிலர்

பி.கு.: மேலே தோட்டத்துக்குப் போகும் தீனியைக் காலி யூரியாச் சாக்கில், ஏலத்துக்கு அடிக்கும் மருந்து வந்த அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அரிசி வந்த சாக்கு உங்கள் கடையிலேயே கிடக்கும்; உதறிவிட்டு அதில் கட்டுங்கள்.